‘தோத்துட்டேன்’னு சொல்லிட்டு எழுந்திரு!

உங்கள் வீட்டில் பத்து வயதைத் தாண்டிய பிள்ளை இருக்கிறதா? அப்படியென்றால் இதை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

பையன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு செல்போனில் செஸ் ஆடுகிறான். எதிராளி அரியாங்குப்பத்தில் இருக்கலாம், அர்ஜென்டினாவிலும் இருக்கலாம். ஆளுக்குப் பத்து நிமிஷம் கணக்கு. ஐந்தாவது நிமிஷத்தில் பையனின் ராணி பறிபோகிறது. ‘ச்சே!’ என்று ஒரு சத்தம். செல்போன் மெத்தையில் போய் விழுகிறது. பையன் எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடிக்கிறான். ஆட்டம்? அது அப்படியே கிடக்கிறது.

அந்தப் பக்கம் இருக்கிறவன் என்ன செய்வான்? கடிகாரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கஷ்டப்பட்டு ஜெயிக்கப் போகிற நேரத்தில், எதிரே ஆள் இல்லாத பலகை!

‘போயும் போயும் இது ஒரு விஷயமா டாக்டர்? மூலிகை, கஷாயம்னு ஏதாவது எழுதக்கூடாதா?’ என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இதுவும் வைத்திய விஷயம்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊரில் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்... அழுகுணி ஆட்டம்! தாயம் ஆடும்போது காய் வெட்டுப்பட்டதும் கட்டத்தைக் கையால் அழிக்கிறவன், ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலியும் கட்டுப்பட்டதும் பதினைந்து ஆட்டையும் வாரித் தூக்கிப் போடுகிறவன், கிரிக்கெட்டில் அவுட் என்றதும் பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறவன்... எல்லாத் தெருவிலும் ஒருத்தன் இருந்தான். அவனுக்கு வைத்தியமும் தெருவிலேயே இருந்தது. மறுநாள் யாரும் அவனை ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். ரொம்பக் கெஞ்சினால், உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு நாளில் பையன் திருந்திவிடுவான்.

செல்போனில் அந்தத் தெரு இல்லை. எதிராளியின் முகம் தெரியாது, பெயர்கூட உண்மைப் பெயராக இருக்காது. இன்றைக்கு ஒருவனை நட்டாற்றில் விட்டுவிட்டு ஓடினால், அடுத்த நொடியே இன்னொருவன் கிடைக்கிறான். வெட்கப்பட வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக மாட்டேன் என்கிறது.

இந்த விளையாட்டுகளை நடத்துகிறவர்களுக்கும் இது பெரிய தலைவலிதான். அவர்களும் தெருவின் வைத்தியத்தையே வேறு மாதிரி செய்துபார்க்கிறார்கள். லிசெஸ் என்ற இலவச செஸ் தளத்தில், ஒருவர் பாதியில் காணாமல் போனால், காத்திருப்பவர் சிறிது நேரத்தில் வெற்றியைத் தனதாக்கிக்கொள்ளலாம். அடிக்கடி ஓடுகிறவர்களுக்குக் கொஞ்ச காலம் புது ஆட்டம் கிடைக்காது.

பெரிய பையன்கள் ஆடும் ‘டோட்டா 2’ போன்ற ஆட்டங்களில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே ஐந்து பேர் ஓர் அணி, எதிரே ஐந்து பேர். ஓர் ஆட்டம் முடிய அரை மணி, முக்கால் மணி நேரம் ஆகும். ஒருவன் கோபித்துக்கொண்டு போனால், மிச்சம் நான்கு பேரும் ஐந்து பேரோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே, மொத்தம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தொடர்பில் இல்லாதவர் ஆட்டத்தைக் கைவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். அவர் அதன்பிறகு தன்னைப் போலவே தண்டனை வாங்கியவர்களோடு தனி வரிசையில் ஆடி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஜெயித்துக் காட்டிய பிறகுதான் பழைய வரிசைக்கு வர முடியும். கணினி உலகத்து உப்புக்குச் சப்பாணி!

சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். உலக செஸ் சாம்பியனாக இருந்தபோதே மேக்னஸ் கார்ல்சன் இதில் மாட்டிக்கொண்டார். 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த சின்க்ஃபீல்டு கோப்பைப் போட்டியில் ஹான்ஸ் நீமனிடம் தோற்றவர், மறுநாளே போட்டியை விட்டு விலகினார். அதே மாதம் 19-ந் தேதி, இணையவழிப் போட்டி ஒன்றில் அதே நீமன் எதிரே வந்தபோது, ஒரே ஒரு காயை நகர்த்திவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டு வெளியேறினார். எதிராளி மோசடி செய்கிறார் என்பது அவருடைய சந்தேகம். சர்வதேச செஸ் சம்மேளனமான ‘ஃபிடே’ விசாரித்தது. கார்ல்சன் மீதான மற்ற புகார்களைத் தள்ளிவிட்டது. ஆனால் தகுந்த காரணம் இல்லாமல் போட்டியிலிருந்து பாதியில் விலகியது தவறு என்று 2023 டிசம்பரில் பத்தாயிரம் யூரோ அபராதம் விதித்தது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தால் என்ன... பாதியில் எழுந்து போனால் போனதுதான்!

சரி, இதில் உடம்பு எங்கே வந்தது?

ஒன்பதாவது படிக்கும் ஒரு பையனை அவன் அம்மா என்னிடம் அழைத்து வந்தார். ‘ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது டாக்டர். தொட்டதுக்கெல்லாம் கோபம். பித்தம் ஜாஸ்தியா இருக்குமோ? வல்லாரை லேகியம் ஏதாவது குடுங்க’ என்றார். நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். பிறகு பையனிடம், ‘சாயங்காலம் என்னப்பா பண்றே?’ என்றேன். செஸ். ‘எத்தனை ஆட்டம்?’ இருபது இருபத்தைந்து இருக்கும் என்றான். ‘அதுல எத்தனை கடைசி வரைக்கும் ஆடினே?’ பதில் இல்லை. தரையைப் பார்த்தான்.

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். பாதியில் விடுகிற பிள்ளை ஆட்டத்தை நிறுத்துவதில்லை. அடுத்ததைத் தொடங்குகிறது! தோல்வியை முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அது தொண்டையிலேயே நிற்கிறது. அந்தக் கசப்பு போக இன்னொரு ஆட்டம், அதிலும் ஒரு காய் போனால் இன்னொன்று... மணி பதினொன்று, பன்னிரண்டு. கண் எரிகிறது, தலை சூடாகிறது, படுத்தால் கறுப்பு வெள்ளைக் கட்டமாக ஓடுகிறது. காலையில் எழுப்பினால் சீறுகிறது.

முழுதாக ஆடி முடித்த பிள்ளைக்கு அந்த ஆட்டத்தில் ஒரு கரை தெரிகிறது. ஜெயித்தேன், தோற்றேன், அல்லது சமன். முடிந்தது. எழுந்து போகலாம். ஆகவே நான் ‘நிறைய ஆடு’ என்று சொல்லவில்லை. கொஞ்சமாக ஆடு, ஆடியதை முடி என்கிறேன். அந்தப் பையனுக்கு லேகியம் தரவில்லை. ஒரு நாளைக்கு மூன்று ஆட்டம், மூன்றையும் முடிக்க வேண்டும், ராத்திரி ஒன்பதுக்கு மேல் கிடையாது என்றேன். ஒரு மாதம் கழித்து அம்மா வந்தார். பையன் பத்தரைக்குப் படுத்துவிடுகிறானாம். ‘தோத்தா மட்டும் மூஞ்சி செவக்குது டாக்டர்’ என்றார். சிவக்கட்டும் அம்மா, ரத்தம் ஓடுகிற முகம்தானே!

இங்கே ஒரு சந்தேகம் வரும். ‘தோற்கப் போவது நிச்சயம் என்று தெரிந்தும் கடைசி வரை ஆட வேண்டுமா?’ வேண்டியதில்லை. செஸ் ஆட்டத்தில் ‘தோல்வியை ஏற்கிறேன்’ என்று சொல்வதற்குத் தனியாக ஒரு பட்டனே இருக்கிறது. ஒரு கொடி படம் போட்டிருப்பார்கள். அதை அழுத்துவது கௌரவமான முடிவு. சொல்லாமல் கொள்ளாமல் ஓடுவதுதான் அழுகுணித்தனம். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குப் புரிய வைத்தால் பாதி வேலை முடிந்தது.

2024 டிசம்பர் 12 நினைவிருக்கிறதா? சிங்கப்பூரில் நம் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆன நாள். முதல் ஆட்டத்திலேயே தோற்றவர் அவர். மொத்தம் பதினான்கு ஆட்டம். கடைசி ஆட்டம் சமனில் முடியும் என்று எல்லோரும் நினைத்த நேரத்திலும், ஒரு சிப்பாய் அதிகம் இருக்கிறதே என்று விடாமல் ஆடிக்கொண்டிருந்தார். 55-வது நகர்த்தலில் டிங் லிரன் தவறு செய்தார். குகேஷ் அழுததை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். நான் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்வது அந்தப் பக்கத்தில் இருந்தவரை! உலகப் பட்டமே கையைவிட்டுப் போகிற நொடியில் டிங் லிரன் தோல்வியை ஒப்புக்கொண்டு, எதிராளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கு எவ்வளவு மனபலம் வேண்டும்!

நம் புதுச்சேரியில் இதற்கு இன்னொரு நல்ல உதாரணம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெத்தாங்க் ஆட்டம்... இரும்புக் குண்டை எறிந்து ஆடுவது. சொல்தா குடும்பத்துப் பெரியவர்கள் இதில் கில்லாடிகள். முதலில் 13 புள்ளி எடுத்தவருக்கு வெற்றி. பன்னிரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றுக்கொண்டிருப்பவரும் குண்டைத் துடைத்துக்கொண்டு அடுத்த முறைக்கு நிற்பார். பதின்மூன்றாவது புள்ளி விழுந்ததும் சிரித்துக் கைகுலுக்குவார். பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார். தாத்தாவுக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரிய வேண்டாமா?

இப்போது பெற்றோர் பக்கம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பல வீடுகளில் பிள்ளையைப் பாதியில் எழுப்புவதே நாம்தான்!

‘தோசை ஆறுது, வாடா!’ ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை அப்பா போய் வைஃபை சுவிட்சை அணைத்துவிடுகிறார். பையன் குதிக்கிறான். நமக்கு அது ஒரு பொம்மை விளையாட்டு. அவனுக்கோ எதிரே ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறான். ஐந்து பேர் அணியென்றால், மிச்சம் நான்கு பேர் அவனை நம்பி இருக்கிறார்கள். கேரம் ஆடிக்கொண்டிருக்கும்போது நாம் போய்ப் பலகையைக் கவிழ்ப்போமா? இதுவும் அதேதான். நாமே சுவிட்சை அணைத்துப் பழக்கிவிட்டு, ‘எதையும் உருப்படியா முடிக்க மாட்டான்’ என்று அவன் மேல் குறை சொல்வது நியாயமா? தோசை வார்ப்பதற்குக் கால் மணி முன்பே, ‘இதோட முடிச்சுக்கப்பா, அடுத்தது ஆரம்பிக்காதே’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் பாதிச் சண்டையைக் குறைக்கும்.

கரண்ட் போனால், இணையம் அறுந்தால் அது யார் குற்றமும் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊர்ப் பக்கம் கரை கடந்ததே, அன்று தொடர்பு அறுந்தவனை யாராவது ஓடுகாலி என்று சொல்வார்களா? இதே சிக்கல் உலகப் போட்டியிலும் வந்தது. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், செஸ் ஒலிம்பியாடை முதல் தடவையாக இணையத்தில் நடத்தினார்கள். இந்திய அணியில் ஆனந்த், பிரக்ஞானந்தா எல்லாம் இருந்தார்கள். ரஷ்யாவுடன் இறுதி ஆட்டம் நடந்தபோது உலகம் முழுக்க இணையக் கோளாறு. நம் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் தொடர்பு அறுந்து, நேரம் தீர்ந்து தோற்றார்கள். இந்தியா முறையிட்டது. ஃபிடே இரண்டு நாட்டுக்கும் சேர்த்துத் தங்கம் கொடுத்தது.

அதே போட்டியின் கால் இறுதியில், நம்மோடு ஆடிய ஆர்மீனிய வீரர் ஒருவரின் தொடர்பு அறுந்தது. அவர்களுடைய முறையீடு தள்ளுபடி ஆனது. ஆர்மீனிய அணி கோபித்துக்கொண்டு அடுத்த சுற்றை ஆடாமலே விலகிவிட்டது. ஒருவன் தானாகப் போனானா, தொடர்பு அறுந்ததா என்று கண்டுபிடிப்பது பெரிய பெரிய நடுவர்களுக்கே கஷ்டம் என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா? அதனால் உங்கள் பிள்ளையின் எதிராளி திடீரென்று மறைந்தாலும், ‘ஓடிட்டான் பார்’ என்று உடனே திட்ட விடாதீர்கள். ‘அவங்க வீட்டுல கரண்ட் போயிருக்கும்’ என்று நினைக்கப் பழக்குங்கள். அதுவும் ஒரு பண்புதான்.

இனி என் துறைக்கு வருகிறேன். சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று சொல்வோம். தும்மல், கொட்டாவி, இருமல், பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், கண்ணீர் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது பாடம். ஆட்டத்தில் மூழ்கிய பிள்ளை இதில் பாதியை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது! சிறுநீரை ஒரு மணி நேரம் அடக்கி வைக்கிறது. தாகம் தெரிவதில்லை. கண்ணை இமைக்கக்கூட மறந்துவிடுகிறது. கடைசியில் தாங்க முடியாமல் பாதியில் எழுந்து ஓடுகிறது.

ஆகவே என் மருந்துச் சீட்டு இதுதான்:

1. ஆட உட்காருமுன் பாத்ரூம் போய்விட்டு வர வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். பசியோடு ஆடக் கூடாது.

2. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றால் ஓர் ஆட்டம் இருபது நிமிஷம் வரை போகும். டியூஷனுக்குக் கால் மணிதான் இருக்கிறதென்றால், அந்த ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது.

3. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு முடிவு வேண்டும். முடியவில்லை என்றால் கொடி பட்டன். நண்பர்களோடு பேசிக்கொண்டே ஆடும் ஆட்டம் என்றால், வாயைத் திறந்து ‘தோத்துட்டேன், நல்லா ஆடினே’ என்று சொல்ல வேண்டும்.

4. தோற்ற பிறகு உடனே அடுத்த ஆட்டம் கூடாது. எழுந்து மொட்டை மாடியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வரட்டும். அழுகை வந்தால் அழட்டும். கண்ணீரும் பதினான்கில் ஒன்று என்று சொன்னேனே!

5. பாரிஸில் இருக்கும் சித்தப்பா பையனோடு ஆடுவது நம் ஊரில் பல வீட்டில் உண்டு. நல்ல விஷயம், உறவு விட்டுப்போகாது. ஆனால் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் அவர்கள் நமக்குப் பின்னால் இருக்கிறார்கள். அங்கே ராத்திரி சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்கு ‘வாடா ஆடலாம்’ என்றால் இங்கே நடுநிசி தாண்டி பன்னிரண்டரை, ஒன்றரை! சனி, ஞாயிறு பகலில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

6. ஜெயித்தாலும் நேரத்துக்குப் படுக்கை. 2022 பிப்ரவரியில் பதினாறு வயது பிரக்ஞானந்தா, இணையவழிப் போட்டியில் கார்ல்சனையே தோற்கடித்தார். அதே போட்டியில் அதற்கு முன் பல ஆட்டங்களில் தோற்றிருந்தார் என்பதைக் கவனியுங்கள். நம் நேரப்படி நள்ளிரவு தாண்டியிருந்தது. உலகமே கொண்டாடியபோது அவர் சொன்னது, இனி போய்ப் படுக்க வேண்டும் என்பதுதான்!

‘எப்போதுமே பாதியில் விடக் கூடாதா டாக்டர்?’ என்றால், விட வேண்டிய இடமும் உண்டு. எதிராளி கெட்ட வார்த்தை பேசினால், போட்டோ கேட்டால், வீட்டு விலாசம் கேட்டால், அந்த நொடியே வெளியே வந்து பெற்றோரிடம் சொல்ல வேண்டும். அங்கே மரியாதை பார்க்க வேண்டியதில்லை.

பணம் வைத்து ஆடும் ஆட்டம் என்றால் நான் இதுவரை சொன்னதெல்லாம் தலைகீழ். ‘விட்டதைப் பிடிச்சிட்டு எழுந்திருக்கிறேன்’ என்று உட்கார்ந்தவன் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. நட்டமானாலும் பரவாயில்லை, பாதியிலேயே எழுந்து வந்துவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்திருக்கிறது. இது பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னதல்ல, அப்பாக்களே!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை ஒரு நோயாகவே தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. தன்னால் நிறுத்த முடியவில்லை, படிப்பு, சாப்பாடு, நண்பர்கள் எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியம், கெடுதல் வந்த பிறகும் விடவில்லை... இப்படி ஏறக்குறைய ஒரு வருஷம் நீடித்தால், அது என் மருந்துச் சீட்டுக்கு அடங்காது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் ஜிப்மர் இருக்கிறது. 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்து, தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

பிள்ளை தோற்கும்போது பக்கத்தில் நீங்கள் இருந்தால், ‘ஏன்டா தோத்தே?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் ஆட்டம் முடியும் முன்பே ஓடுகின்றன. ‘முடிச்சிட்டியா?’ என்று கேளுங்கள். ‘முடிச்சிட்டேம்ப்பா, தோத்துட்டேன்’ என்றால், முதுகில் ஒரு தட்டுத் தட்டி, ‘சரி, வா சாப்பிடலாம்’ என்று கூப்பிடுங்கள். நாளைக்குப் பரீட்சையிலோ, வேலையிலோ, குடும்பத்திலோ தோற்க நேர்ந்தாலும், அந்தப் பிள்ளை ஓடாமல் உங்களிடம் வந்து சொல்லும்.

இன்று ராத்திரியே கேட்டுப் பாருங்களேன்!